பிறப்புறுப்பு ஹெர்பிஸ்: புதிதாகத் தெரிந்துகொண்ட இணையர்கள் கேட்கும் கேள்விகள்

பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருபவர்களுடன் உட்கார்ந்து பேசுவது என் வேலை. நான் மருத்துவர் அல்ல, ஆலோசகர். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி, மருந்தை எழுதிக் கொடுத்த பிறகு என் எதிரில் வந்து அமர்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேற்பட்டவை நோயைப் பற்றியவை அல்ல, வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பற்றியவை. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல், யாரையும் அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் நீக்கி, இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்களை நேரில் பரிசோதித்தவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஹெர்பிஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கியும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் எழுந்து எரிச்சலும் வலியும் தருவதை நாம் அக்கி என்கிறோம். அது சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கிளம்புவதால் வருவது. பால்வினை நோய் அன்று. உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு வைரஸால் வருவது. இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள் என்பதாலும், இரண்டின் மருத்துவப் பெயரிலும் ஹெர்பிஸ் என்ற சொல் இருப்பதாலும், சிலர் இதையும் அக்கி என்றே சொல்லிவிடுகிறார்கள். இணையரிடம் பேசும்போது இந்தக் குழப்பம் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் (சுருக்கமாக எச்எஸ்வி) இரண்டு வகைகள் உண்டு. எச்எஸ்வி-2 பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியில் வருவது. எச்எஸ்வி-1 பெரும்பாலும் உதட்டிலும் வாயைச் சுற்றியும் கொப்புளங்களை உண்டாக்குவது; ஆனால் வாய்வழி உறவின் மூலம் அதுவும் பிறப்புறுப்பைத் தொற்றும். உங்களுக்கு எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்கள் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

இது குணமாகுமா, ஆகாதா? நேராகச் சொல்லுங்கள்.

புண் ஆறிவிடும், வைரஸ் உடலை விட்டுப் போகாது. முதல் தொற்றின்போது அது தோலிலிருந்து நரம்பின் வழியே சென்று, முதுகுத்தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. அங்கே அது செயலற்று உறங்கும் நிலையில் இருப்பதால், உடலின் எதிர்ப்பாற்றலும் மருந்தும் அதை எட்டுவதில்லை. அவ்வப்போது அதே நரம்பு வழியே தோலுக்குத் திரும்பி வரும்போது மறுபடியும் புண் வரலாம், எதுவும் தெரியாமலும் போகலாம். தடுப்பூசி இன்னும் இல்லை.

ஆனால் நல்ல மருந்து இருக்கிறது. 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக் குழுவிலிருந்து வந்த அசைக்ளோவிர், 1980களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அதேபோல் செயல்படும் வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகியவையும் 1990களிலிருந்து உள்ளன. இத்தனை ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் உட்கொண்ட மருந்துகள் என்பதால் இவற்றின் பாதுகாப்பு நன்கு அறியப்பட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வைரஸை அடியோடு ஒழித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவர் யாராயிருந்தாலும், தயவுசெய்து அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பயத்தில் இருப்பவர்களிடம் அப்படிப் பணம் பறிக்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லையே.

"அப்படிப்பட்ட ஆள்" என்று ஒரு வகை இந்த நோய்க்குக் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ 84 கோடியே 60 லட்சம் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று இருக்கிறது. அதாவது ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒருவருடன் மட்டும் உறவு கொண்டவருக்கும் இது வரும். அந்த ஒருவருக்கு முன்பே தொற்று இருந்திருந்தால் போதும்.

முதல் தடவையே காய்ச்சல், நெறிகட்டு, உட்காரவே முடியாத வலி. இனி ஒவ்வொரு முறையும் இப்படித்தான் இருக்குமா?

இருக்காது. முதல் முறை உடலுக்கு இந்த வைரஸ் புதியது. அதனால் புண்கள் அதிகமாகவும், ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரையும் ஆகலாம். பின்னர் வருபவை பொதுவாகச் சிறியவை, ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றுபவை, ஒரு வாரம் பத்து நாளில் ஆறுபவை. பலருக்குப் புண் வருவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பு அதே இடத்தில் ஊறலோ, சுருக்கென்ற குத்தலோ, தொடையிலும் பிட்டத்திலும் இனம்புரியாத வலியோ தெரியும். இதை முன்னறிகுறி என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

எத்தனை முறை வரும் என்பது வகையைப் பொறுத்தது. எச்எஸ்வி-2 என்றால் முதல் ஆண்டில் நான்கைந்து முறை வருவது வழக்கம்; எச்எஸ்வி-1 என்றால் ஒரு முறை, அல்லது வராமலே போகலாம். இரண்டிலும் ஆண்டுகள் செல்லச்செல்ல எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். முதல் ஆண்டுதான் கடினமானது என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சிறுநீர் போகவே பயமாக இருக்கிறது. இன்றைக்கு என்ன செய்வது?

தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்து எரிச்சல் குறையும். வெதுவெதுப்பான நீர் நிரம்பிய அகலமான தொட்டியில் உட்கார்ந்தபடியே சிறுநீர் கழிப்பதும், கழிக்கும்போது மேலிருந்து நீரை ஊற்றுவதும் பலருக்கு உதவுகின்றன. தளர்வான பருத்தி உடை அணியுங்கள், வலிமாத்திரையைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். மேலே தடவும் களிம்புகளால் பெரிய பயன் இல்லை, வாய்வழி மாத்திரைதான் வேலை செய்யும். புண்ணைத் தொட்டால் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குறிப்பாக முதல் தொற்றின்போது அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது.

சிறுநீர் அறவே போகவில்லை, கடுமையான தலைவலியுடன் கழுத்து இறுகுகிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, கண் சிவந்து வலிக்கிறது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புண்ணைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள். பரிசோதனை எதுவும் செய்யவில்லை. நம்பலாமா?

அனுபவமுள்ள மருத்துவரின் கண் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து, ஏனென்றால் இந்த ஒரு சொல்லைச் சுற்றி நீங்கள் ஒரு உறவின் முடிவுகளை எடுக்கப் போகிறீர்கள். புண் புதிதாக இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனைதான் மிகவும் நம்பகமானது; வகையையும் அதுவே சொல்லிவிடும். புண் காயத் தொடங்கிவிட்டால் வைரஸ் கிடைக்காமல் போகலாம்.

இரத்தப் பரிசோதனை வேறு. அது வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. ஐஜிஎம் என்ற பரிசோதனை இந்த நோய்க்குப் பயனற்றது. அதை வைத்துப் புதிய தொற்று என்றோ பழைய தொற்று என்றோ முடிவு செய்யக் கூடாது. வகை பிரித்துக் காட்டும் ஐஜிஜி பரிசோதனை பயனுள்ளது, ஆனால் தொற்றிய பிறகு அது தெரியவர மூன்று மாதம் வரை ஆகலாம். எச்எஸ்வி-2 முடிவில் 1.1 முதல் 3 வரையிலான குறைந்த மதிப்பு வந்தால் அது தவறான முடிவாகவும் இருக்கக்கூடும். வேறொரு முறையில் மறுபரிசோதனை செய்யாமல் அதை நம்பி யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம்.

ஆறு வருடமாக எனக்கு அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. இப்போது எனக்கு இது வந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் எனக்குத் துரோகம் செய்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டியதும் இதுதான். பதில்: அப்படி அர்த்தம் கொள்ள முடியாது. துரோகம் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் புண் அதற்குச் சாட்சி சொல்லாது. தொற்றிய இரண்டு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் முதல் புண் வரும் என்று படித்துவிட்டு, நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாரத்தில் கணவர் எங்கே போயிருந்தார் என்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கணக்கு, தொற்றியவுடன் அறிகுறி தெரிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்; பெரும்பாலோருக்கு அப்படித் தெரிவதில்லை.

நடந்திருக்கக்கூடியவை மூன்று. ஒன்று, உங்களுக்கே இந்த உறவுக்கு முன்பு தொற்றியிருக்கலாம். பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது இப்போதுதான் முதன்முறையாகப் புண்ணாக வெளிப்பட்டிருக்கலாம். இரண்டு, அவருக்கு உங்களைச் சந்திப்பதற்கு முன்பே தொற்றி, அவருக்கே தெரியாமல் இருந்து, ஆறு ஆண்டுகளில் ஏதோ ஒரு நாளில் உங்களுக்கு வந்திருக்கலாம். ஒவ்வொரு உறவிலும் தொற்றுவதில்லை என்பதால் இத்தனை ஆண்டுகள் ஆவது வியப்பில்லை. மூன்று, இருவரில் ஒருவருக்கு வேறு தொடர்பு இருந்திருக்கலாம். இம்மூன்றில் எது என்பதைப் புண்ணின் தோற்றமோ வலியின் கடுமையோ சொல்வதில்லை.

கேட்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "எனக்கு நோய் வந்திருக்கிறது, ஆகவே நீ ஒப்புக்கொள்" என்று தொடங்கினால், நிரபராதியாக இருப்பவருக்குத் தன்னை நிரூபிக்க வழியே இல்லாமல் போகிறது. அப்படித் தொடங்கிய பேச்சால் பிரிந்து, பல மாதங்கள் கழித்துத் தன் இளமைக்கால உறவை நினைத்துப் பார்த்து அழுத ஒருவரை எனக்குத் தெரியும்.

இரண்டு பேரும் இரத்தப் பரிசோதனை செய்தால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரிந்துவிடும் அல்லவா?

பெரும்பாலும் தெரியாது. இருவருக்கும் ஒரே வகை இருப்பதாக வந்தால், யார் முதலில் என்பது அதில் இருக்காது. ஒரு குறுகிய சூழ்நிலையில் மட்டும் ஓரளவு சொல்லலாம்: புண்ணில் எடுத்த பிசிஆரில் வைரஸ் இருந்து, அதே வாரத்தில் எடுத்த ஐஜிஜி இரத்தப் பரிசோதனையில் அந்த வகைக்கான எதிர்ப்புப் புரதம் இல்லாமல், சில மாதங்களில் அது தோன்றினால் அந்தத் தொற்று புதியது. முதல் நாளிலேயே எதிர்ப்புப் புரதம் இருந்தால் தொற்று சில வாரங்களுக்கு முன்பே ஏற்பட்டது. அது சில வாரங்களா, இருபது ஆண்டுகளா என்று தெரியாது.

உங்களுக்குத் தொற்று புதியது என்று உறுதியானாலும், இணையர் அதை எப்போது பெற்றார் என்பதை அது சொல்லாது. முந்தைய பதிலில் இரண்டாவதாகச் சொன்ன வழி அப்போதும் திறந்தே இருக்கிறது.

அவருக்கு உதட்டில் மட்டும்தான், அதுவும் சின்ன வயதிலிருந்து, எப்போதாவது கொப்புளம் வரும். அதிலிருந்து எனக்குக் கீழே வருமா?

வரும். உங்களுக்கு வந்திருப்பது எச்எஸ்வி-1 என்றால் பெரும்பாலும் வாய்வழி உறவே காரணமாக இருக்கும். சிறுவயதில், பெரியவர் ஒருவரின் முத்தத்தின் மூலம் அவருக்கு அது வந்திருக்கக்கூடும். அதைப் பால்வினை நோய் என்று அவர் நினைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. உதட்டில் கொப்புளம் இல்லாத நாளிலும் வைரஸ் எச்சிலில் வெளிப்படக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விளக்கம் கிடைத்தவுடன் எத்தனையோ வீடுகளில் சண்டை நின்றிருக்கிறது.

அவரிடம் எப்படிச் சொல்வது? வாய் திறந்தாலே அழுகை வருகிறது.

முதல் புண்ணின் வலியோடும் தூக்கமின்மையோடும் அன்றிரவே சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உடலுறவைத் தள்ளி வைத்திருக்கும் வரை, இரண்டு மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டு, நோயை நீங்கள் முதலில் புரிந்துகொள்ளலாம். நீங்கள் தெளிவில்லாமல் சொன்னால் அவர் தேடிப் படிக்கும் முதல் பக்கமே அவருக்கு விளக்கமாகிவிடும், அது பெரும்பாலும் பயமுறுத்தும் பக்கமாகவே இருக்கும். படுக்கையில் வேண்டாம், அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்திலும் வேண்டாம், தொலைபேசியில் கூடியவரை வேண்டாம்.

சொற்கள் எளியவையாக இருக்கட்டும். "எனக்குப் புண் வந்து மருத்துவரிடம் காட்டினேன். ஹெர்பிஸ் என்று சொன்னார்கள். இது பலருக்குத் தெரியாமலே இருக்கும் வைரஸ். எப்போது, எப்படி வந்தது என்று சொல்ல முடியாது என்கிறார்கள். நமக்குள் எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. நீங்களும் ஒருமுறை என்னுடன் வந்து பேச வேண்டும்" என்று ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னதாகச் சொன்னார். இதைவிட நன்றாக நான் எழுதித் தர முடியாது. அவர் உடனே ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கே சில நாட்கள் ஆயின, அவருக்கும் ஆகும். முதல் நாளில் அவர் மௌனமாக இருந்தால் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்லாமலே கவனமாக இருந்துவிட்டால் என்ன? ஆணுறை போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதில் என் பதில் உறுதியானது: சொல்ல வேண்டும். தொற்றும் வாய்ப்பை எவ்வளவு ஏற்றுக்கொள்வது என்பது அவருடைய உடலைப் பற்றிய முடிவு. அதை அவருக்காக நீங்கள் எடுக்க முடியாது. ஆணுறை மூடாத இடத்திலும் வைரஸ் வெளிப்படலாம் என்பதால் அது முழுக் காப்பும் அன்று. மேலும், முன்கூட்டியே சொன்ன இணைகளில் தொற்று ஏற்படுவது தாமதமானது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தெரிந்தவர்கள் முன்னறிகுறி நாட்களை இருவருமாகச் சேர்ந்து தவிர்க்கிறார்கள் என்பதே இதற்கு நான் காணும் விளக்கம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்தப்படுவேன் என்ற உண்மையான அச்சம் உங்களுக்கு இருந்தால், முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அந்த அச்சத்தைச் சொல்லி, அவர்கள் உடனிருக்கும்போது சொல்லும் வழியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இனி எங்களுக்குள் உடலுறவே கிடையாதா?

நிச்சயமாக உண்டு. புண் இருக்கும்போதும், மேலே சொன்ன முன்னறிகுறி தொடங்கியதிலிருந்தும், பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் மூடும் வரை, வாய்வழி உறவு உட்பட எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். ஆணுறை இருக்கிறதே என்று புண்ணின் மேல் உறவு கொள்ள வேண்டாம். மற்ற நாட்களில் இருவரும் பேசி எடுத்த முடிவின்படி இருக்கலாம். கட்டிப்பிடிப்பதற்கும் பக்கத்தில் படுப்பதற்கும் எந்த நாளிலும் தடையில்லை. இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், பல இணைகள் முதல் மாதத்திலேயே தொடுவதை முற்றிலும் நிறுத்திவிடுகிறார்கள், பிறகு அதை மீண்டும் தொடங்குவது அவர்களுக்குக் கடினமாகிறது.

புண்ணே இல்லாத நாளில் தொற்றாது அல்லவா?

தொற்றலாம். எந்த அறிகுறியும் இல்லாமல் வைரஸ் தோலின் மேல் வெளிப்படும் நாட்கள் உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எச்எஸ்வி-2 உள்ளவர்கள் தினமும் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, அறிகுறி கண்டவர்களிடம் ஏறத்தாழ 20 விழுக்காடு நாட்களிலும், ஒருபோதும் அறிகுறி காணாதவர்களிடம் 10 விழுக்காடு நாட்களிலும் வைரஸ் கண்டறியப்பட்டது. எச்எஸ்வி-1 பிறப்புறுப்பில் இருந்தால் இது முதல் ஆண்டுக்குள்ளேயே நன்றாகக் குறைந்துவிடுகிறது.

இந்த எண்களைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன், வைரஸ் வெளிப்படும் ஒவ்வொரு நாளும் தொற்றும் நாள் அன்று என்பதை அறிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிலில் வரும் ஆய்வு அதைத்தான் காட்டுகிறது.

தினமும் மாத்திரை சாப்பிட்டால் அவருக்கு வராமல் காப்பாற்ற முடியுமா?

பெருமளவு முடியும். 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவருக்கு எச்எஸ்வி-2 இருந்து மற்றவருக்கு இல்லாத 1,484 ஆண்-பெண் இணைகளை எட்டு மாதங்கள் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் ஆலோசனையும் ஆணுறையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் 3.6 விழுக்காட்டினரின் இணையருக்கும், நாள்தோறும் 500 மில்லிகிராம் வாலாசைக்ளோவிர் பெற்ற பிரிவில் 1.9 விழுக்காட்டினரின் இணையருக்கும் தொற்றியது. மருந்து தொற்றை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது என்பது ஒரு செய்தி. மருந்து இல்லாத பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு எட்டு மாதத்தில் தொற்றவில்லை என்பது இன்னொரு செய்தி, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தினசரி மாத்திரை உங்களுக்குப் புண் வருவதையும் 70 முதல் 80 விழுக்காடு வரை குறைக்கும். எச்எஸ்வி-1 தொற்றில் பரவலைத் தடுக்க இது எவ்வளவு உதவும் என்று இதுபோன்ற ஆய்வு செய்யப்படவில்லை. அதில் வெளிப்பாடே குறைவு என்பதால் பலருக்குத் தேவைப்படுவதும் இல்லை. தினமும் வேண்டாம் என்பவர்கள், மாத்திரையைக் கையில் வைத்திருந்து முன்னறிகுறி தெரிந்த அன்றே தொடங்கலாம்.

இரண்டு பேருக்குமே இருக்கிறது என்று வந்துவிட்டது. மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்குமா?

இருவருக்கும் ஒரே வகை என்றால் அப்படி நடப்பதில்லை. ஒருவருக்கு எச்எஸ்வி-1, மற்றவருக்கு எச்எஸ்வி-2 என்றால் முன்போலவே கவனம் தேவை. புண் இருக்கும்போது உறவைத் தவிர்ப்பது வலிக்காகவாவது நல்லது.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். துண்டு, கழிப்பறை, சோப்பு எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறேன்.

பிரிக்க வேண்டாம். கழிப்பறை இருக்கையின் வழியாகவோ, ஒன்றாகத் துவைத்த துணியின் வழியாகவோ இது பரவுவதில்லை. உடலுக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. குழந்தைகளைத் தூக்கலாம், குளிப்பாட்டலாம், கூடப் படுக்க வைக்கலாம். உதட்டில் கொப்புளம் இருப்பவர், அவர் யாராயிருந்தாலும், பச்சிளங்குழந்தையை முத்தமிடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

நான் இனி குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். இது மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. கருவுறுவதற்கு முன்பே தொற்று இருந்த பெண்ணின் உடலில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் குழந்தைக்கும் செல்வதால், பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் 36-ஆவது வாரத்திலிருந்து தினசரி மாத்திரை தருவார்கள்; பிரசவ வலி தொடங்கும் நேரத்தில் புண்ணோ முன்னறிகுறியோ இருந்தால் அறுவைப் பிரசவத்தைப் பரிந்துரைப்பார்கள். மார்பில் புண் இல்லாவிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாம்.

இதைவிடக் கவனம் தேவைப்படும் நிலை ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. கணவருக்கு ஹெர்பிஸ் இருந்து மனைவிக்கு இல்லாமல், அவர் கருவுற்றிருக்கும்போது, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், புதிதாகத் தொற்றினால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. பச்சிளங்குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே அந்தக் கடைசி மூன்று மாதங்களில் உடலுறவையும், உதட்டில் கொப்புளம் வரும் கணவரென்றால் வாய்வழி உறவையும் தவிர்ப்பதே பாதுகாப்பு. இந்த நோய் இருக்கும் ஆண்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். மேலே, சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது புற்றுநோயாக மாறுமா? எச்ஐவி வருமா?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வேறு வைரஸ். பெயர் ஒலிப்பில் ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது. எச்எஸ்வி-2 எச்ஐவியாக மாறாது. ஆனால் எச்ஐவி உள்ள ஒருவருடன் உறவு கொண்டால், எச்ஐவி தொற்றும் வாய்ப்பை எச்எஸ்வி-2 ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. எனவே இந்த நோய் தெரியவந்த நேரத்திலேயே எச்ஐவி, சிபிலிஸ் முதலிய மற்றப் பரிசோதனைகளையும் இருவரும் செய்துகொள்வது நல்லது.

எங்களுக்குள் சண்டை வந்தால் மறுவாரம் புண் வருகிறது. மன அழுத்தம்தான் காரணமா?

காய்ச்சல், உராய்வு, மாதவிடாய், தூக்கமின்மை, நீடித்த மனச்சுமை ஆகியவற்றோடு தங்களுக்குப் புண் வருவதாகப் பலர் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்துவதில்லை. சில மாதங்கள் தேதிகளைக் குறித்து வைத்துப் பாருங்கள். புண் வருவதற்கு முந்தைய நாட்களின் உடல்சோர்வும் எரிச்சலுமே சண்டையைத் தூண்டியிருக்கவும் கூடும். எது முன், எது பின் என்பது குறித்து வைத்தால்தான் தெரியும்.

ஒவ்வொரு வாக்குவாதத்திலும் "உன்னை வேறு யார் ஏற்றுக்கொள்வார்கள்" என்று சொல்லிக் காட்டுகிறார். நான் என்ன செய்ய?

நோய் தெரியவந்த முதல் வாரங்களில் கோபத்தில் வரும் ஒரு சொல் வேறு. மாதக்கணக்கில் அதையே சொல்லி உங்களை அடங்கியிருக்கச் செய்வது வேறு. இரண்டாவது, நோயைப் பற்றிய பேச்சே அன்று. அது உங்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கருவி. ஹெர்பிஸ் இருக்கும் எத்தனையோ பேர் அதை முதலிலேயே சொல்லி, புதிய உறவுகளில் மதிப்போடு வாழ்கிறார்கள். அவர்களில் பலருடன் நான் பேசியிருக்கிறேன். அவர் சொல்வது உண்மை இல்லை. நீங்கள் நம்பும் ஒருவரிடம், உடன்பிறந்தவரோ தோழியோ ஆலோசகரோ, இதைச் சொல்லுங்கள். பயந்து அந்த உறவில் தங்க வேண்டிய அளவுக்கு இந்த நோய் பெரியதல்ல.

எட்டு வருடமாக ஒன்றாக இருக்கிறோம், என் மனைவிக்கு இன்னும் இல்லை என்று பரிசோதனை சொல்கிறது. இனி கவனம் தேவையில்லை அல்லவா?

மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் எட்டு வருடம் தொற்றவில்லை என்பது அவருக்குத் தனிக் காப்பு எதையும் தந்துவிடாது. ஐஜிஜி பரிசோதனை சிலருக்கு இருக்கும் தொற்றையும் தவறவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது புண் வருவது அரிதாகியிருந்தால், எதிர்பாராத ஒரு நாளில் முன்னறிகுறியை அலட்சியம் செய்ய வாய்ப்பு அதிகம். மாத்திரையைத் தொடர்வதா, நிறுத்திப் பார்ப்பதா என்பதை மருத்துவரிடம் நீங்கள் தனியாகப் போய்க் கேட்காமல் உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். இத்தனை ஆண்டுகள் இதை அறிந்தே உங்களுடன் இருந்தவர் அவர்.